சைட்டேஷனில் முதலிடம் வந்த யுனிவர்சிட்டி

திண்டிவனம்,
18-6-1986.

மகா கனம் பொருந்திய மைத்துனர் தேவநாதன் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் சக்கரபாணி அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு மயிலம் முருகன் கிருபையால் என்னைத் தவிர அனைவரும் சுகம். அங்கு தாங்களும் வீட்டில் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மழை இல்லை. எண்ணெய் மில் ஓடுகிறது. மல்லாட்டைக் கடலை விலை பரவாயில்லை. வெட்கப்படாமல் எழுதக்கூடிய சமாச்சாரம் இவ்வளவுதான். இனிமேல் வருவதைத் தாங்கள் மட்டும் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடவும்.

நம்ம கிருஷ்ணவேணி விழுப்புரத்தில் விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்தது தங்களுக்குத் தெரியும். மல்லாட்டைச் செடியைத் தின்கிற கம்பளிப்பூச்சியை ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வருஷா வருஷம் நாம் மருந்தடித்துக் கொல்கிற பூச்சிக்குப் பட்டமா என்று கேட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை. இரண்டு யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது. ஒன்று தங்கள் ஊரில் இருப்பது. இன்னொன்று இருக்கிற ஊரை எழுதினால் வம்பு, வேண்டாம். தங்கள் ஊர் என்றதும், தாய்மாமன் வீடு பக்கத்திலேயே இருக்கிறதே என்று சம்மதக் கடிதத்தில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு, நல்ல நாள் பார்த்து அனுப்பலாம் என்று முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். அதோடு சும்மா இருந்திருந்தால் நான் மனுஷன்.

போன வாரம் அவளுடைய டீச்சர் தையல்நாயகி மேடம் வீட்டுக்கு வந்தார். உயிரியல் ஆராய்ச்சியில் எந்த யுனிவர்சிட்டி ஒசத்தி என்று மெட்ராஸ் லைப்ரரியில் தடித்தடிப் புஸ்தகமாகப் புரட்டி வரிசை போட்டுக்கொண்டு வந்திருந்தார். "சைட்டேஷன் பார்த்தா உங்க மச்சான் ஊருதாங்க முதல்ல நிக்குது" என்றார். எதில் என்று கேட்டேன். "யார் யாரை எத்தினி பேர் சைட் பண்ணியிருக்காங்கன்னு எண்ணிப் பாக்கிறதுங்க. இப்பல்லாம் அதான் வழக்கம்" என்றார். மச்சான், எனக்குத் தெரிந்த சைட்டு ஒன்றே ஒன்றுதான். நம்மூர் சினிமாக் கொட்டாய் வாசலில் சைக்கிளைச் சாய்த்துக்கினு, போகிற வருகிற பொம்பளைப் பிள்ளைகளைப் பார்த்துப் பசங்க அடிக்கிறானுங்களே, அந்த சைட்டு. அதைப் போய் எண்ணுவார்களா என்று எனக்குக் காபி புரையேறிவிட்டது. "யாருங்க பண்றாங்க?" என்றேன். "உலகம் பூரா பண்றாங்க. அமெரிக்காக்காரன் பண்றான், ஜப்பான்காரன் பண்றான். அங்க ஒரு லேடி புரொபசர், ரிடையர் ஆகப்போறாங்க, அவங்கள மட்டும் முந்நூறு பேருக்கு மேல சைட் பண்ணியிருக்காங்க" என்று சொல்லி அந்தம்மா பூரித்துப் போகிறார். "சில பேரு தன்னைத்தானே சைட் பண்ணிக்குவாங்க. அதை நான் கழிச்சிட்டேங்க" என்று வேறு சொன்னார். கண்ணாடி முன்னால் நிற்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் நிற்பது எது என்று கேட்டால், அந்த இன்னொரு யுனிவர்சிட்டி. "பத்து வருஷத்துல ஒரே ஒரு சைட்டு. அதுவும் திட்டறதுக்காகப் பண்ணது" என்றார். எனக்கு அந்த ஊர் மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது.

அவர் தலை மறைந்ததும் மில் கணக்குப்பிள்ளை சீனுவாசனைக் கூப்பிட்டு, "எங்கள் பெண்ணைத் தங்கள் யுனிவர்சிட்டிக்கு அனுப்ப இஷ்டமில்லை, காரணம் தங்களுக்கே தெரியும்" என்று இங்கிலீஷில் ஒரு கடுதாசி எழுத வைத்தேன். அதைத் தபால் பெட்டியில் போடச் சொல்லியும், சம்மதக் கடிதத்தைக் கிழிக்கச் சொல்லியும் இரண்டையும் தங்கள் தங்கை வெள்ளையம்மாளிடம் கொடுத்தேன். "இன்னாங்க, கொஞ்சம் பொறுங்க" என்று அவள் சொன்னாள். வாயை மூடு என்றேன். கிருஷ்ணவேணி அழுதாள். காரணம் கேட்டாள். ஒரு அப்பன் மகளிடம் சொல்கிற காரணமா அது? நான் சொல்லவில்லை.

அதோடும் விட்டேனா? மறுநாளே விழுப்புரம் போய், காலேஜில் வாத்தியார்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிற ரூமுக்குள் நுழைந்து, "ஏம்மா, நீங்களும் ஒரு பொம்பளதானே? வயசுப் பொண்ணை சைட் அடிக்கிற எடத்துக்கு முதல் மார்க் போட்டு அனுப்பறீங்களே, நியாயமா?" என்று ஒரு சத்தம் போட்டேன். மேடம் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்புறம் மெதுவாக, "ஐயா, சைட்டேஷன்னா ஒருத்தர் கண்டுபிடிச்சி எழுதினதை இன்னொருத்தர் தன் கட்டுரையில பேர் போட்டு எடுத்துக் காட்டறதுங்க. மேற்கோளுங்க அது. அவங்க வேலையால எத்தினி பேருக்குப் பிரயோஜனம்னு அதுல தெரியும்" என்றார். ஒரு வாத்தியார் பீரோவைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. யார் முகத்தையும் பார்க்காமல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன், செஞ்சியில் இறங்கச் சொன்னபோதுதான் திண்டிவனம் பஸ் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் தேவலை மச்சான். "அவங்க என்னைப் பார்ப்பாங்கன்னு பயந்தீங்களாப்பா, இல்ல நான் அவங்களப் பார்ப்பேன்னு பயந்தீங்களா?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருஷம் வளர்த்தவன், எழுந்து மில்லுக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்விக்கு முன்னால் காலேஜில் பட்ட அவமானமெல்லாம் அவமானமே இல்லை. அப்புறம் அவள் என்னோடு பேசவில்லை.

நேற்று ஓடிப்போய் யுனிவர்சிட்டிக்கு ஒரு தந்தி கொடுத்தேன்: "கிருஷ்ணவேணி தகப்பன் அனுப்பிய கடிதம் செல்லாது. மன்னிக்கவும்." ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஆகவே தாங்கள் ஜல்தியாக நேரில் போய், கடிதம் எழுதினவன் புத்தி பேதலித்தவன், தந்தியைத்தான் நம்பணும் என்று சொல்லி அவள் இடத்தைக் காப்பாற்றிக் கொடுக்கணும். காலில் விழச் சொன்னாலும் விழுந்துவிடுங்கள், நான் அப்புறம் வந்து தங்கள் காலில் விழுகிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், என்னைப் போல் ஆகாமல் தங்களைப் போல் ஆக முருகன் துணையிருப்பான்.

இப்படிக்கு,
தலைகுனிந்த
சக்கரபாணி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டபோதுதான் தங்கள் தங்கை வாயைத் திறந்தாள். "கோவத்துல நீங்க எழுதினா தப்பாத்தான் இருக்கும்னு தெரியும்" என்று, சீனுவாசன் எழுதின கடுதாசியைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, சம்மதக் கடிதத்தைப் பெட்டியில் போட்டாளாம். என்னிடம் சொல்லப் பயமாம். ஆக, கிருஷ்ணவேணி தகப்பன் அனுப்பியதாக அங்கே இருக்கிறது சம்மதக் கடிதம் ஒன்றுதான். அதைத்தான் செல்லாது என்று நான் தந்தி கொடுத்திருக்கிறேன். எனவே மேலே எழுதினதை மாற்றிச் சொல்லவும்: கடிதம் நிஜம், தந்திதான் பைத்தியக்காரன் கொடுத்தது. இதைக் கேட்டதும் கிருஷ்ணவேணி ஒரு வழியாக வாயைத் திறந்தாள். "அப்பா, இனிமே எனக்காக நீங்க யாருக்கும் ஒரு வரிகூட எழுதாதீங்க" என்றாள். சரிம்மா என்று சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஆகையால் இப்படி ஒரு கடிதம் தங்களுக்கு வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம்.