காதில் விழுந்ததும் மேசையில் விழுந்ததும்

நாட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள், பேனாவில் மை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. பன்னிரண்டு ஆண்டுகள் மாநில சபையில் மேசை தட்டியவர், ஒரு லட்சத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில், தேசிய சபையில் மேசை தட்டத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர், சபை கூடிய முதல் நாள் மாலையே கொறடாவின் அறையில், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையனைப் போல நின்றுகொண்டிருந்தார்.

கட்சிக்காரர்கள் எப்போது கை தூக்க வேண்டும், எப்போது கொட்டாவி விடக்கூடாது என்று கண்காணிப்பதுதான் கொறடாவின் வேலை. அவருக்கு நம் மொழி தெரியும். மாமியார் வீட்டுச் சண்டைகளில் கற்றது. அதனால் திட்டுவதற்கு மட்டும் சரளமாக வரும்.

"என்ன மேசையாரே, யார் பேசும்போது தட்டினீங்க தெரியுமா?"

"நம்ம நிதி மந்திரி பேசும்போதுங்க."

"அவர் உக்காந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு. எதிர்க்கட்சிக்காரன் எந்திரிச்சு, 'இந்த ஆளுக்குக் கூட்டல் கணக்கே தெரியாது'ன்னு கிழிச்சுட்டு இருக்கான். நீங்க தொம் தொம்னு தட்டறீங்க! அவனே பயந்துபோய் நிறுத்திட்டான்."

"காதுல 'வருங்காலம் ஒளிமயமா இருக்கு'ன்னு வந்துச்சுங்களே."

மேசையார் என்பது கட்சி வைத்த பட்டப்பெயர். மாநில சபையில் அவர் வாய் திறந்ததாகக் குறிப்பேடுகளில் இல்லை. ஆனால் அவர் கைக்கு ஈடு கிடையாது. ஆமோதிப்புக்கு ஓர் உள்ளங்கை, பாராட்டுக்கு இரண்டு, தலைவர் தும்மினால் விரல் நுனியால் ஓர் ஆறுதல். அந்தக் கைக்கு இன்னொரு தொழிலும் உண்டு. யார் வந்து கேட்டாலும் சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போடும். படித்துப் பார்த்துவிட்டுப் போடுவது கேட்டவரை அவமதிப்பது என்பது அவர் கொள்கை.

சிக்கல் மொழியில்தான். தேசிய சபை பேசும் மொழியில் அவருக்கு 'கழிப்பறை எங்கே' என்பதற்கு மேல் தெரியாது. அதற்காகத்தான் ஒவ்வோர் இருக்கையிலும் காதுக்கருவி. மேலே, கூரையை ஒட்டிய கண்ணாடி அறைகளில், மொழிக்கு ஒருவராக மொழிபெயர்ப்பாளர்கள். நம் பக்கத்திலிருந்து வந்த மற்ற உறுப்பினர்களுக்குச் சபை மொழி தெரியும், அல்லது தெரிந்தது மாதிரி தலையாட்டத் தெரியும். ஆகவே நம் மொழிக் குரலுக்கு அந்தச் சபையில் காது ஒன்றே ஒன்றுதான்.

"காதுக்கு வந்து சேர நேரம் ஆகும், அதான் கோளாறு" என்றார் கொறடா. "நாளைக்குத் தலைவர் எந்திரிச்ச உடனே தட்டிடுங்க. நல்லதாத்தான் பேசுவார். வெள்ளிக்கிழமை துணை மந்திரிங்க பட்டியல் வருது. உங்க பேரு பென்சில்ல இருக்கு. பென்சில் எழுத்துக்கு எவ்வளவு ஆயுசுன்னு உங்களுக்கே தெரியும்."

விடுதி அறைக்குப் போனதும் மனைவி தொலைபேசியில் வந்தாள்.

"நிதி மந்திரி நல்லாப் பேசறாராங்க?"

"அதை ஏன் கேக்கற! என் மனசுல இருக்கறத அப்படியே பேசறாரு. மந்திரி காரை நினைச்சு லேசாச் சிரிச்சேன், 'வருங்காலம் ஒளிமயமா இருக்கு'ங்கறாரு. சாப்பிட்டதும் கண்ணு சொருகுச்சு, 'நாடு அமைதியில் ஆழ்ந்திருக்கிறது'ங்கறாரு. வயிறு பொருமி மூஞ்சியச் சுளிக்கறேன், 'மக்களின் வேதனையை நான் அறிவேன்'ங்கறாரு. மனுஷன் இல்ல, மகான்!"

"அப்ப சரி. வாசல்ல மாட்டறதுக்குத் 'துணை மந்திரி'ன்னு பலகை எழுதக் குடுத்துட்டேன்."

"எந்தத் துறைன்னு?"

"அதுக்கு இடம் விட்டிருக்கேன்."

"அவசரப்படாதே. ஒருவேளை கிடைக்கலைன்னா, பழைய மாநில சபைக்கே…"

"அதுல என் தம்பி உக்காந்தாச்சு. நீங்கதானே ராஜினாமா பண்ணி, இடைத்தேர்தல்ல அவனை நிறுத்தினீங்க? அவன் உக்காந்த இடத்துலேர்ந்து எந்திரிச்சதா சரித்திரமே கிடையாது. நம்ம கல்யாணத்துக்கு வந்தவன், இன்னும் மாடி ரூம்லதான் இருக்கான்."

மேசையாருக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. முன்னால் போனால் மந்திரி; பின்னால் போனால் மச்சான்.

மறுநாள் தலைவர் எழுந்தார். அவர் வேட்டியோ கால்சட்டையோ கண்ணில் படுமுன் மேசையார் இரண்டு கைகளாலும் தட்ட ஆரம்பித்துவிட்டார். காதில் அந்த வெண்கலக் குரல் உடனே ஒலித்தது: "இந்த மகிழ்ச்சியான செய்தியை…" ஆகா, சரியான இடத்தில்தான் தட்டுகிறோம் என்று இன்னும் பலமாகத் தட்டினார். "ஈடு இணையற்ற இந்த வெற்றியை…" என்றது குரல். சபை முழுவதும் எழுந்து நின்றது. இவ்வளவு பெரிய வெற்றியா என்று அவரும் எழுந்து, குனிந்து நின்று தட்டினார்.

அன்று காலை, முன்னாள் சபாநாயகர் தொண்ணூற்றொரு வயதில் காலமாகியிருந்தார். நடந்துகொண்டிருந்தது மௌன அஞ்சலி. இரங்கல் தீர்மானத்தை ஓர் உறுப்பினர் மேசை தட்டி வரவேற்றது அதுவே முதல் தடவை.

"செத்துப்போனவரோட பையன் பார்வையாளர் மாடத்துல உக்காந்திருந்தாரு" என்றார் கொறடா, நெற்றியைப் பிடித்துக்கொண்டு.

"ஏதாவது சொன்னாருங்களா?"

"உங்க வீட்டு விலாசம் கேட்டாரு."

கொறடா அறைக்குள் நாலு தடவை நடந்தார். ஐந்தாவது நடையில் யோசனை பிறந்தது.

"இனிமே காதை நம்பாதீங்க, கண்ணை நம்புங்க. உங்க பக்கத்துச் சீட்டுப் பெரியவர் இருக்காரே, கட்சில முப்பது வருஷம். அவர் என்ன செய்யறாரோ அதையே செய்யுங்க. இம்மி பிசகக் கூடாது."

புதன்கிழமை மேசையார் பெரியவரைக் கண்கொட்டாமல் பார்த்தார். பெரியவர் இருமினார், இவரும் இருமினார். பெரியவர் தண்ணீர் குடித்தார்; இவரும் குடித்தார். பதினொன்றரை மணிக்குப் பெரியவர் காகிதங்களை அடுக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். மேசையாரும் காகிதங்களை அடுக்கி எழுந்தார். காதில் குரல் சொன்னது: "சபை இப்போது தேநீருக்காகக் கலைகிறது."

பார்த்தீர்களா, கண்ணும் காதும் ஒத்துப்போகின்றன என்று அவருக்கு ஒரே பூரிப்பு. பெரியவர் பின்னாலேயே போனார். பெரியவர் வாசல் பக்கம் போகாமல் நடுப்பாதையைக் கடந்து எதிர்வரிசைக்குப் போனார். அங்கே டீ நன்றாக இருக்கும் போலிருக்கிறது என்று இவரும் கடந்தார். எதிர்க்கட்சி முழுவதும் எழுந்து ஆரவாரம் செய்தது. ஆளுக்கொரு பூச்செண்டு கொடுத்தார்கள். பெரியவர் மேசையாரைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டார். ஒரு டீக்கு இத்தனை உணர்ச்சியா என்று மேசையார் குழம்பினார்.

கொறடா வந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப்போனபோது, பூச்செண்டு கையிலேயே இருந்தது.

"எங்கய்யா போனீங்க?"

"டீ குடிக்கங்க."

"கட்சி தாவிட்டு டீங்கறீங்களே!"

"டீ வரவே இல்லைங்க. இதைத்தான் குடுத்தாங்க."

சாயங்காலப் பத்திரிகையில் படம் வந்துவிட்டது. மனைவியின் குரல் கரகரத்திருந்தது.

"தம்பி மேடை போட்டு உங்களைத் துரோகிங்கறான்."

"நம்ம வீட்டு மாடி ரூம்ல இருந்துகிட்டா?"

"காலைல சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பினான். பலகைக்காரர் வேற 'துணை'யை அடிச்சுட்டு 'முன்னாள்'னு போடட்டுமான்னு கேக்கறாரு. நான் என்ன சொல்ல?"

"காயட்டும்னு சொல்லு."

கட்சியிலிருந்து அவரை நீக்கியிருக்க வேண்டியதுதான். காப்பாற்றியது கணக்கு. ஆளுங்கட்சிக்குப் பாதிக்கு மேல் இருந்தது மூன்றே பேர். பெரியவர் போனதால் அதுவும் இரண்டாகியிருந்தது. 'டீ குடிக்கப் போனது தவிர வேறு நோக்கம் இல்லை' என்று ஒரு விளக்கக் கடிதம் எழுதப்பட்டது. மேசையார் அதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு எதையும் செய்யாதீங்க" என்று கொறடா கெஞ்சினார். "கையைத் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டு, கல்லு மாதிரி உக்காருங்க. முகத்துல ஈ உக்காந்தாலும் ஓட்டாதீங்க."

வியாழக்கிழமை மேசையார் கல்லானார். விநோதம் என்னவென்றால், காதுக்கருவியும் கல்லானது. தலைவர் நாற்பது நிமிடம் பேசினார், கையை வீசினார், விரலை ஆட்டினார். காதில் ஒரு சொல் வரவில்லை. நடுவில் ஒரு தடவை "அதாவது…" என்றது. அப்புறம் யாரோ எச்சில் விழுங்கும் சத்தம். மற்ற உறுப்பினர்கள் மேசைகளைப் பிளந்தார்கள். தலைவர் இரண்டு தடவை திரும்பி, அசையாத அந்த ஒரு மேசையைப் பார்த்தார்.

அன்று மாலை கொறடாவுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை.

"தலைவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. 'சாவுக்குத் தட்டினவரு, என் பேச்சுக்கு ஏன் தட்டலை?'"

"நீங்கதானேங்க…"

"போதும். நாளைக்குப் பதினொரு மணிக்குத் தலைவர் கடைசியா பேசறாரு. மூணு இடத்துல தட்டற மாதிரி பேச்சு. எந்த மூணு இடம்னு எனக்கே தெரியாது. சரியாத் தட்டினா பென்சில் பேனாவாகும். இல்லைன்னா…" கொறடா மேசை மேல் கிடந்த ரப்பர் தூளை வாயால் ஊதினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு மேசையாருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு யோசனை தானாகத் தோன்றியது. இந்தச் சபையில் தன் மொழியில் தன்னோடு பேசுகிற ஒரே நல்ல உள்ளம் அந்தக் குரல்தான். அதனிடமே கேட்டால் என்ன? இரண்டிரண்டு படியாக ஏறி மேலே போனார்.

கண்ணாடி அறையில் ஒரு நாற்காலி, ஓர் ஒலிவாங்கி, ஒரு தூரநோக்கி. கண்ணாடி வழியே பார்த்தால், நேர் கீழே மேசையாரின் இருக்கை. உட்கார்ந்திருந்த ஒல்லி மனிதர் அவரைக் கண்டதும் துள்ளி எழுந்தார்.

"ஐயா! நீங்களே வந்துட்டீங்களா!" மேசையாரின் வலது கையை இரு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இந்தக் கை! இந்தக் கையாலதான் நான் இன்னைக்குச் சாப்பிடறேன்."

சுவரில் கண்ணாடி போட்டு ஒரு கடிதம் மாட்டியிருந்தது. 'இவருடைய மொழிப் புலமையை நான் நேரில் அறிவேன்.' கீழே மேசையாரின் கையெழுத்து.

"தேர்வுகூட வைக்கலைங்க. உங்க கையெழுத்தப் பார்த்ததும் சேர்த்துக்கிட்டாங்க."

மேசையார் நிமிர்ந்தார். ஒரு வாரமாக வளைந்திருந்த முதுகு நேரானது. "திறமையைக் கண்டா எனக்குத் தெரிஞ்சுடும்" என்றார். "அது சரி, நேத்து ஏன் சத்தமே வரலை?"

"நேத்து நீங்க அசையவே இல்லைங்களே, ஐயா."

அதை யோசிக்க மேசையாருக்கு நேரமில்லை. கீழே மணி அடித்தது.

"இங்க பாரு தம்பி. என் பதவி, என் மானம், வாசல்ல மாட்டற பலகை, எல்லாம் இப்ப உன் வாயில இருக்கு. தலைவர் பேச்சுல மூணு இடத்துல தட்டணும். அந்த இடம் வரும்போது லேசா இருமு. அது போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

மொழிபெயர்ப்பாளரின் முகம் வெளுத்தது. "நானா, ஐயா?"

"பின்ன நானா? அவர் பேசறது உனக்குத்தானே புரியுது?"

கீழே தலைவர் எழுந்தார். மொழிபெயர்ப்பாளர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னார்:

"எனக்கு அந்த மொழில ஒரு சொல்கூடத் தெரியாதுங்க. பன்னெண்டு வருஷ அனுபவமுள்ள கை தப்பாத் தட்டாதுன்னு, உங்க கையப் பார்த்துத்தான் திங்கக்கிழமைலேர்ந்து மொழிபெயர்த்துட்டு இருக்கேன்."