லூக்கும் ரெமியும் பிரிந்ததால் நாமும்

தின்கன்ஜூன், ரங்கூன்,
நவம்பர் 2009

அன்புள்ள மச்சான் சைமனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் தங்கை தெரேசாவும் நலம். ஷ்வேப்யிதாவில் நீ நலம் என்பதை அவள் வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள். ஆனாலும் கடிதமென்றால் விசாரிக்க வேண்டுமே, விசாரித்துவிட்டேன்.

பன்னிரண்டு வருஷம் பேசாதவன் எழுதுகிறானே என்று பார்ப்பாய். 89-இல் கப்பல்காரர் ஜாபர் கொண்டுவந்த பெல்ஜியம் கேசட் ஞாபகம் இருக்கிறதா? லூக், ரெமி என்று இரண்டு பையன்கள் பாடியது. ரங்கூனே வெள்ளைக்காரன் மெட்டில் பர்மியச் சொல்லைப் போட்டுப் பாடியபோது, நாம் தமிழைப் போட்டுக் கல்யாண வீடெல்லாம் பாடினோம். அட்டைப் படத்தில் அவர்கள் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார்கள் என்று ஏப்ரல் வெயிலில் நாமும் போட்டு, செல்லையா மகள் கல்யாணத்தில் நீ பாதிப் பாட்டில் மயங்கி விழுந்தாய். அதுவும் பாட்டில் வருவதுதான் என்று சனங்கள் கை தட்டினார்கள். அந்த நாள் இனி வருமா மச்சான்? 97-இல் அதே ஜாபர் வந்து, அவர்கள் சண்டை போட்டுப் பிரிந்து ஐந்து வருஷமாயிற்று என்றார். "அசலே பிரிஞ்சிருச்சு, நகலு மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்தா மரியாதையா இருக்குமா?" என்றாய். சரி, முறைப்படி பிரிவோம் என்று நானும் சம்மதித்து, மொஹிங்கா நூடுல்ஸ் தின்று சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தோம். ரெமியை விட்டுவிட்டு லூக் போனானாமே, நம்மில் யார் லூக் என்று பேச்சு வந்தது. விட்டுப் போகிறவன் நீ என்றேன், நீ என்னைச் சொன்னாய். நிஜச் சண்டையே வந்துவிட்டது.

நேற்று பக்கத்து வீட்டு மிஸ்பா இன்டர்நெட் கடையிலிருந்து வந்து, லூக்கும் ரெமியும் மறுபடி சேர்ந்து பாடுகிறார்கள், படமே இருக்கிறது என்றாள். இனியும் நாம் பேசாமலிருப்பது முறையில்லை. டிசம்பரில் என் மகள் ரெபேக்காவுக்குக் கல்யாணம். தாய்மாமன் நீ வராவிட்டால் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? வந்து ஒரு பாட்டு என்னோடு பாடு. குளிர்காலம்தான், ஆனாலும் கோட்டு வேண்டாம்.

சமாதானத்தின் தேவன் உன் வீட்டார் எல்லோரையும் காப்பாராக.

இப்படிக்கு,
பர்னபாஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் மிஸ்பா ஓடி வந்தாள். படத்தில் இருப்பது லூக்கும் ரெமியும் இல்லையாம். அவர்களைப் போலவே உடுத்தி, அவர்கள் பாட்டைப் பாடுகிற வேறு இரண்டு பேராம். அசல்கள் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். அசல் எப்படியோ போகட்டும் மச்சான், நகல்கள் சேர்ந்துதான் பாடுகிறார்கள். நீ வா.