மண்டபத்தையே அணைத்த கிராபிக்ஸ் கார்டு

பொறாமைப்படுவதற்கென்றே ஓர் உறவு உண்டு என்றால் அது சகலைதான். அண்ணன் தம்பி மேல் பொறாமைப்பட்டால் ஊர் ஏசும். பக்கத்து வீட்டுக்காரன் மேல் என்றால் வேலியை உயர்த்திக் கட்டி நிம்மதியாக இருக்கலாம். மனைவியின் தங்கையைக் கட்டியவன் அப்படியில்லை. ஆயுசுக்கும் ஒரே பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்வான். நம் இலையில் விழாத ஈரல் துண்டு அவன் இலையில் விழுவதை நாம் சிரித்த முகத்தோடு பார்க்க வேண்டும்.

நான் ஆவுடையார்கோவிலில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு என்று எது நடந்தாலும் கேமராவோடு முதலில் போய், கடைசியில் சாப்பிடுகிறவன். என் சகலை செல்வம் புதுக்கோட்டையில் அதே தொழில் செய்கிறான். என்னைவிட வயதில் சின்னவன். என்னைவிடத் தலைமுடி அதிகம். (இதைச் சொல்லியிருக்க வேண்டாம். பரவாயில்லை, சொல்லிவிட்டேன்.)

சில வருடங்களுக்கு முன், என் மச்சினன் பாண்டிக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம், கறம்பக்குடிப் பக்கம் இருக்கும் மாமனார் வீட்டில் எல்லோரும் கறிச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். மாமியார் ஈரலைக் கரண்டியில் தூக்கியபடி என்னைத் தாண்டிப் போனார்.

"சின்ன மாப்ள கம்ப்யூட்டருக்கு என்னமோ புதுசா வாங்கிப் போட்டுருக்காகளாமே?"

"கிராபிக்ஸ் கார்டுங்க அத்தை" என்றான் செல்வம், ஈரலை மென்றுகொண்டே. "வீடியோ வேலைக்கு. முன்னாடி ராவெல்லாம் ஓடுனது இப்ப டீ குடிச்சுட்டு வாரதுக்குள்ள முடிஞ்சுருது."

மாமனார் நிமிர்ந்தார். "அப்பன்னா காலையில பாண்டி தாலி கட்டுறத, சாயந்தரம் ரிசப்சன்லயே பெரிய திரையில போட்டுறலாமா?"

செல்வத்தின் வாயில் ஈரல் இருந்தது. அந்த ஒரு நொடியில் நான் புகுந்தேன்.

"நான் போடுறேன் மாமா. மூத்த மாப்ள நான் இருக்கையில அவருக்கு எதுக்குச் சிரமம்?"

இலைக்கு அடியில் என் மனைவி மலர் தொடையைக் கிள்ளினாள். வீடு திரும்பும் வழியில் வாயாலும் கிள்ளினாள். "நம்ம கம்ப்யூட்டரு ஒரு போட்டோவத் தொறக்கவே பொறுமையா இருக்கச் சொல்லும். இதுல ஒங்களுக்கு அன்னன்னைக்கே வீடியோவா?"

"கார்டு வாங்குனாப் போச்சு."

வாங்கினேன். செல்வத்தின் கார்டில் இரண்டு விசிறிகள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, மூன்று விசிறி உள்ளதாக வாங்கினேன். அது என்ன செய்யும், எவ்வளவு செய்யும் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். நீளம்தான் முக்கியம். பழைய பெட்டிக்குள் அது நுழையாததால், பக்கவாட்டில் கண்ணாடி வைத்து, உள்ளே வானவில் கலரில் விளக்கு எரியும் புதுப் பெட்டியும் வாங்கினேன். உள்ளே இருப்பது வெளியே தெரியாவிட்டால் வாங்கி என்ன பயன்?

பிறகு செல்வத்துக்கு போன் போட்டேன். பொறாமைக்காரனுக்குப் பொருள் வாங்குவதில் பாதி சந்தோஷம்தான். மீதி, யாருக்காக வாங்கினோமோ அவனிடம் சொல்வதில் இருக்கிறது.

"அடேயப்பா, அந்தக் கார்டா? சூப்பரு சகல!" என்றான். நான் எதிர்பார்த்த வயிற்றெரிச்சல் அந்தக் குரலில் இல்லை. நன்றாக மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். "ஆனா சகல, பவர் சப்ளை தாங்குமா? பாத்தீங்களா?"

பவர் சப்ளை என்பது கம்ப்யூட்டருக்குள் மூலையில் உட்கார்ந்திருக்கும் தகர டப்பா. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி உள்ளே இருக்கிற எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அது எனக்கும் தெரியும்.

"அதெல்லாம் நானூத்தம்பது வாட்ஸ்னு மேலயே எழுதிருக்கு."

"அது பழைய பெட்டியோட சும்மா குடுத்த டப்பாதானே சகல? எழுதியிருக்கறத அது குடுக்காது. கார்டு சும்மா இருக்கையில ஒண்ணும் தெரியாது. வேலை குடுத்தீங்கன்னா ஒரே இழுப்பா இழுக்கும், டப்பா படுத்துரும். நல்லதா ஒண்ணு மாத்திருங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் புத்தி சொல்ல முடியாது. எனக்குக் கேட்டதோ வேறு. என்னைவிடப் பெரிய கார்டை நீ வாங்கிவிட்டாயே, ஏதாவது ஒரு குறை சொல்லாமல் எப்படி விடுவது, என்று கேட்டது. (அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆகவே அவனும் அதைத்தான் செய்கிறான் என்பது என் விஞ்ஞானம்.) "பாத்துக்குறேன் சகல" என்று வைத்துவிட்டு, அந்த டப்பாவை மாற்றவே கூடாது என்று முடிவெடுத்தேன். அதில் கார்டுக்குப் போகிற ஒயர்கூட இல்லை. ஒரு ஒட்டு ஒயர் வாங்கிச் சொருகினேன். சுவிட்சைப் போட்டேன். கம்ப்யூட்டர் ஆன் ஆனது, மூன்று விசிறியும் சுற்றின, வானவில் எரிந்தது. என்னைப் பொறுத்தவரை சோதனை முடிந்தது.

கல்யாணத்தன்று காலையில் தாலி கட்டி முடிந்ததும், மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்து அறையில் கம்ப்யூட்டரை வைத்தேன். காரில் அதற்கு சீட் பெல்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். மலர் பின்சீட்டில் சீர்த்தட்டுகளோடு வந்தாள். அறைக் கதவைத் திறந்தே வைத்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் வானவில்லைப் பார்த்தார்கள். மாமனார் தன் சம்பந்தி வீட்டாரைக் கூட்டமாக அழைத்துவந்து, "நம்ம மூத்த மாப்ள. சாயந்தரமே படம் காட்டிருவாரு" என்று என்னைக் காட்டினார். பெண்ணின் பெரியப்பா கண்ணாடிக்குள் குனிந்து பார்த்து, "மீன் ஏதும் விடலையா?" என்று கேட்டார்.

சாயந்தரம் வரவேற்புக்கு ஆள் வரத் தொடங்குவதற்குள் வீடியோவை வெட்டி ஒட்டிவிட்டேன். இனி எல்லாவற்றையும் ஒன்றாக்கும் கடைசி வேலை. கார்டு உண்மையில் உழைக்க வேண்டிய வேலை அது ஒன்றுதான். பட்டனைத் தட்டினேன். பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது. மூன்று விசிறியும் பம்புசெட் போல இரைந்தன.

டப்.

எல்லாம் போயிற்று. அறை விளக்கு எரிகிறது, தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது, என் கம்ப்யூட்டர் மட்டும் கல்லாக நிற்கிறது. பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்துப் போட்டேன். உயிர் வந்தது. மறுபடி பட்டன். மறுபடி டப்.

செல்வம் சொன்னது காதுக்குள் அப்படியே ஒலித்தது. ஒரே இழுப்பு, டப்பா படுத்துரும். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்துகொள்வது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. அவன் வாசலில் நின்று விருந்தாளிகளுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தான். போய்க் கேட்டால் தீர்ந்தது. கேட்டுவிட்டால் நானும் தீர்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து மாமனார் உள்ளே வந்தார். "என்ன மாப்ள, மொகமெல்லாம் வேர்க்குது?"

"கரண்டு சரியில்ல மாமா" என்றேன்.

அந்த ஒரு பொய்தான். மீதி எல்லாவற்றையும் எங்கள் மண் பார்த்துக்கொண்டது. எங்கள் பக்கம் எல்லாமே போர்வெல் விவசாயம். சாயந்தரம் வோல்டேஜ் இறங்கி ஒருவர் மோட்டார் எடுக்கவில்லை என்றால், வரப்பில் நின்று பக்கத்துக் காட்டுக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, செத்த ஒங்க மோட்டார நிப்பாட்டுங்க, இங்கிட்டு எடுத்துக்கிறட்டும்" என்பார். அவர் நிறுத்துவார், இது எடுத்துவிடும். மாமனார் தலைமுறை தலைமுறையாக இந்த வித்தையில் தேறிய குடும்பம்.

"வோல்டேஜா! இத மொதல்லயே சொல்ல வேணாமா?" வேட்டியை மடித்துக் கட்டினார். போய்ப் பெண் அறையில் ஓடிய ஏசியை நிறுத்தினார்.

பட்டனைத் தட்டினேன். கோடு முன்னைவிட ஒரு விரற்கடை கூடுதலாக ஓடிவிட்டு டப்பென்று நின்றது. அந்த விரற்கடைதான் எங்களைக் கெடுத்தது.

"பாத்தீங்களா, முன்னேத்தம் தெரியுது!" என்றார் மாமனார். சமையலறையில் கிரைண்டர் நின்றது. "ஏங்க, சட்னி பாதியில கெடக்கு!" என்று சமையல்காரர் கத்தியது இங்கே வரை கேட்டது. அடுத்து ஐஸ்கிரீம் பெட்டி. அடுத்து வாசலில் மணமக்கள் பெயர் எழுதி எரிந்த சீரியல் செட். அடுத்து ஒலிபெருக்கி, பாட்டு நடுவழியில் மூச்சை விட்டது. ஒவ்வொன்று நிற்கும்போதும் நான் பட்டனைத் தட்டினேன். கோடு ஏதோ ஒரு இடம் வரை ஓடியது. டப்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வரவேற்புக்குச் சனம் சேர்ந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் எங்கள் ஊர்ச் சாமியை வேண்டிக்கொண்டேன். ஆவுடையார்கோவில் கருவறையில் சாமிக்கு உருவமே கிடையாது. அங்கே ஆவுடை என்கிற பீடம் மட்டும்தான். உருவமே வேண்டாம் என்று இருக்கிறவரிடம் போய், படம் தெரிய வை என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

கடைசியில் மாமனார் கூடத்து மெயினுக்கே போனார். என் கம்ப்யூட்டர் சொருகியிருந்த பிளக்குக்கு மட்டும் லைன் தனி. கூடத்து விளக்கு, ஃபேன் எல்லாம் அணைந்தன. "ஓ..." என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. அத்தனை பெரிய மண்டபத்தில் என் அறையிலிருந்து வந்த வானவில் மட்டும் எரிந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மாப்பிள்ளையின் முகத்தில் மாறி மாறி அடித்தது. பாண்டியின் பவுடர் கழுத்து வரை இறங்கிவிட்டது. பெண்ணின் பெரியப்பா அழைப்பிதழால் விசிறிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி, "மண்டபத்துக்குக் கரண்டு பில்லு கட்டலையா?" என்றார். மாமனாரின் முகம் மாறியதைப் பார்த்தேன். ஊர் முன்னால் என்னை நம்பிச் சொன்ன மனுஷன்.

அப்போது யாரோ செல்போன் டார்ச்சோடு உள்ளே வந்தார்கள். கையில் இன்னும் சந்தன வாசனை.

"சகல," என்று மெதுவாகக் கேட்டான் செல்வம், "டப்பாவ மாத்தலையா?"

இல்லை என்று தலையாட்டினேன். இருட்டில் அதுவாவது அவனுக்குச் சரியாகத் தெரியாது என்று ஓர் ஆறுதல்.

"இப்பக் கடைக்குப் போய் மாத்த முடியாது. தள்ளிக்குங்க." ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். ஏதோ ஒரு திரையைத் திறந்து ஒரு கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்தான். "கார்டு இழுக்கற கரண்டுக்கு வரம்பு வச்சுட்டேன். பாதி வேகத்துலதான் ஓடும். ஆனா டப்பா தாங்கும்."

பட்டனைத் தட்டினான். பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். வழக்கமாக நிற்கிற இடம் வந்தது. தாண்டியது.

"எடுத்துருச்சு!" வாசலிலிருந்து மாமனார் கத்தினார். "ஃபேன நிப்பாட்டுன ஒடனே எடுத்துருச்சு பாத்தீங்களா! நான் அப்பவே சொல்லல?"

செல்வம் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னால் மெயினைப் போட்டுவிடலாம். சனத்துக்குக் காற்று வரும். ஆனால் புகழ் பூராவும் இவன் இலைக்குப் போய்விடுமே?

"ஆமா மாமா" என்றேன். "முடியற வரைக்கும் அப்பிடியே இருக்கட்டும்."

அந்தக் கோடு முடியும் வரை, சம்பந்தி வீட்டார் உட்பட மொத்தச் சனமும் இருட்டில் உட்கார்ந்து வேர்த்தது. ஐஸ்கிரீம் டம்ளரில் வந்தது. மெயின் பக்கத்தில் மாமனார் காவல் நின்று, யாரையும் கை வைக்க விடவில்லை. பிறகு விளக்கு எரிந்தது, திரையில் பாண்டி தாலி கட்டினான், எல்லோரும் கைதட்டினார்கள். மாமனார் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார். செல்வம்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டினான்.

பாண்டிக்கு இப்போது இரண்டு குழந்தைகள். அந்தக் கல்யாணத்துக்குக் குடும்பத்தில் இன்றைக்கும் 'வேர்வைக் கல்யாணம்' என்றுதான் பெயர். ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் பாண்டியின் மனைவி, "அண்ணே, இதுல நான் அழுவுறேன்னு நெனைக்காதீங்க, அது கண் மை" என்பாள். மாமனாருக்கோ கம்ப்யூட்டர் என்றால் ஃபேனை நிறுத்தினால்தான் எடுக்கும் என்பது வேதவாக்காகிவிட்டது. பேத்தி ஆன்லைன் பரீட்சை எழுதினாலும் சரி, யாராவது வீட்டில் லேப்டாப்பைத் திறந்தாலும் சரி, ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டு, "இது மூத்த மாப்ள கண்டுபுடிச்சது" என்று பெருமையாகச் சொல்வார்.

போன சித்திரையில், நல்ல அக்கினி வெயிலில், செல்வம் மாமனார் வீட்டில் ஏதோ அவசர வேலையாக லேப்டாப்பை விரித்தான். மாமனார் எழுந்தார். ஃபேன் நின்றது. செல்வத்தின் நெற்றியிலிருந்து வேர்வை விசைப்பலகையில் சொட்டியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஃபேன் ஓடும். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், சிரித்தான், சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டுவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தான்.

கார்டு போகட்டும், தலைமுடி போகட்டும். அந்தப் பெருந்தன்மை இருக்கிறதே, அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.