ரிப்பனுக்கு முப்பது அடி முன்னால்

கெமராவைக் கண்ணில் வைத்தவனுக்கு ஒரு வியாதி வரும். தான் எல்லாரையும் பார்க்கிறோம், தன்னை யாரும் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொள்வான். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்தபோது வயது இருபத்துமூன்று. அது குணமான இடம் பல்லேபொலப் பக்கம் ஒரு புதுத் தார்க் கார்பட் ரோட்டு.

இன்று ஸ்கேட்போர்ட் படம் எடுப்பதுதான் என் தொழில். நாலு சில்லு வைத்த பலகையில் ஏறிப் படிக்கட்டு, கைப்பிடிச் சுவர் என்று பாய்கிறவர்களை, அவர்கள் கீழே விழுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். (விழுந்த பிறகும் எடுப்போம். அவர்களிடம் காட்டமாட்டோம்.) அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, நன்றாகவே எடுப்பேன். பெங்களூர், பாங்கொக் என்று கூப்பிடுகிறார்கள். மாத்தளையில் இருக்கும் சொந்தக்காரர்கள் மட்டும், "கலியாண ஓடர் ஒண்ணும் வாறதில்லையா தம்பி?" என்று இன்னும் இரக்கத்தோடு விசாரிக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் கலியாண ஓடர்தான் வந்துகொண்டிருந்தது. மாத்தளையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. ஓய்வு நேரத்தில் என் சிநேகிதன் பஸ்லானைப் படம் எடுப்பேன். அவன் வாப்பாவுக்கு மிளகு, கராம்பு வியாபாரம். கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே பஸ்லான் பலகையோடு எகிறிக் குதிப்பான். அப்படி எடுத்த ஒரு படத்தை வெளிநாட்டு ஸ்கேட்போர்ட் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினேன். பதில் வந்தது: பையன் அபாரம், மூட்டைகள் வேண்டாம், திறந்த மலைப்பாதையில் ஒரு படம் எடுத்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், போடப் பார்க்கிறோம். அந்த மெயிலை நாற்பது தடவையாவது வாசித்திருப்பேன். ஒரு தடவை பஸ் கண்டக்டருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் டிக்கட்டை எடுக்கச் சொன்னார்.

ஆனால் பாதைக்கு எங்கே போவது? ஸ்கேட்போர்டின் சில்லு சின்னது. ஒரு பொடிக்கல் அகப்பட்டாலே பலகை நின்றுவிடும், ஆள் மட்டும் தொடர்ந்து போவான். எங்கள் பக்கத்துப் பாதைகளில் அகப்படுவது பொடிக்கல் அல்ல, பள்ளம்.

அப்போதுதான் அக்காவின் டெலிபோன் வந்தது. அக்காவுக்குப் பல்லேபொலப் பக்கம் ஒரு கிராமத்து அலுவலகத்தில் வேலை. அங்கே மலையிலிருந்து வயல் வரை இறங்கும் பாதை ஒன்றுக்குப் புதிதாகக் கார்பட் போட்டிருந்தார்கள். வியாழக்கிழமை பத்து மணிக்குத் திறப்பு விழா. ஏற்பாடெல்லாம் அக்கா பொறுப்பு. படம் எடுக்க என்னைச் சிபாரிசு செய்திருந்தாள்.

"டேய் யோகு, என் மூஞ்சிக்காகத்தான் ஒனக்குக் குடுத்திருக்காங்க. ஒழுங்கா வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போ."

"ரோட்டு வழுவழுன்னு இருக்குமாக்கா?" என்று கேட்டேன்.

தம்பிக்குக் கிராம அபிவிருத்தியில் இவ்வளவு அக்கறையா என்று அக்கா நெகிழ்ந்துபோனாள். பாவம்.

வியாழன் காலை ஏழு மணிக்கே பஸ்லானும் நானும் இரண்டு பலகைகளோடு போய் இறங்கினோம். அந்த ரோட்டைப் பார்த்ததும் பஸ்லான் குனிந்து அதைக் கையால் தடவிப் பார்த்தான். கறுப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல், வளைந்து வளைந்து வயலுக்கு இறங்கியது. அடியில் இரண்டு மூங்கில் கம்பு, நடுவே சிவப்பு ரிப்பன். ஆட்கள் இன்னும் வரவில்லை.

திட்டம் என்னுடையது. பஸ்லான் முன்னால் நின்றபடி போவான். நான் பின்னால் இரண்டாவது பலகையில் உட்கார்ந்தபடி படம் எடுத்துக்கொண்டே வருவேன். ரிப்பனுக்கு முப்பது அடி முன்னால் நிறுத்திவிட வேண்டும். எனக்குப் பிரேக், விழாவுக்காகப் போட்டிருந்த கறுப்புச் சப்பாத்தின் குதி. (எனக்குப் பலகையில் நிற்கத் தெரியாது. இன்றும் தெரியாது.)

ஆறு தடவை அருமையாக நடந்தது. அதோடு எழும்பி, உடுப்பைத் தட்டிவிட்டு, அக்காவின் தம்பியாக லட்சணமாக நின்றிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒரு குறை. ஒன்றில் பஸ்லானின் சட்டை பறந்து அவன் தலையை மூடியிருந்தது. இன்னொன்றில் அவனைவிட ஒரு மாடு அழகாகப் பதிவாகியிருந்தது. ஏழாவது தடவை, எட்டாவது தடவை என்று போனோம். எட்டாவது தடவை கிளம்பும்போது மணி ஒன்பதரை தாண்டிவிட்டது.

என் லென்ஸைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மீன் கண் மாதிரி உருண்டையான லென்ஸ் அது. பக்கத்தில் இருப்பதையும் எங்கோ தூரத்தில் இருப்பதாகக் காட்டும். அதற்குள்ளால் பார்த்தபோது கீழே மிளகு கொட்டி வைத்தாற்போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. அவை ஊர்மக்கள் என்றோ, பாண்ட் வாத்தியக் குழு என்றோ, ரிப்பன் வெட்டவேண்டிய பிரதம அதிதி அரை மணித்தியாலம் முந்தியே வந்துவிட்டார் என்றோ எனக்குத் தோன்றவில்லை. ஒரு புள்ளி கையை ஆட்டியது. அக்கா வரவேற்கிறாள் என்று நினைத்தேன். அது வரவேற்பு இல்லை என்று பிறகு விளக்கமாகச் சொன்னாள்.

"மச்சான், நிப்பாட்டு," என்று பஸ்லான் கத்தினான். நான் காலை ஊன்றினேன். இடது சப்பாத்தில் குதி இல்லை. ஏழாவது தடவையில் எங்கோ கழன்று போயிருக்கிறது.

பஸ்லான் கெட்டிக்காரன். ரிப்பன் நடுவில் தொய்ந்து முழங்கால் உயரத்தில் கிடந்தது. அவன் பலகையைக் கீழால் போகவிட்டு, தான் ரிப்பனுக்கு மேலால் பாய்ந்து, மறுபக்கம் அதே பலகையில் போய் நின்றான். உட்கார்ந்திருக்கிறவன் எப்படிப் பாய்வது? ரிப்பன் என் நெஞ்சில் பட்டது, கெமராவில் சுற்றிக்கொண்டது, அறுந்தது, அறுந்தும் இரண்டு மூங்கில் கம்புகளையும் பிடுங்கிக்கொண்டு என்னோடு வந்தது.

ரிப்பன் அறுந்ததும் கொளுத்து என்று வெடிக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் கடமை தவறாதவர். சரவெடி முழுக்க வெடித்தது. அதைக் கேட்டு பாண்ட் வாத்தியக் குழுவும் வாசிக்கத் தொடங்கிவிட்டது. வெடிப் புகைக்கும் இசைக்கும் நடுவே, கம்புகள் பின்னால் இழுபட, ஊரே இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட, நான் ஒரு முழங்கை ரோட்டில் உரச, உட்கார்ந்தபடியே வந்து பிரதம அதிதியின் காலடியில் நின்றேன். விரல் மட்டும் பட்டனை விடவே இல்லை. அவருக்குப் பக்கத்தில் வெள்ளித் தட்டில் கத்தரிக்கோலை ஏந்திக்கொண்டு அக்கா நின்றாள்.

வாசிப்பு ஒவ்வொரு வாத்தியமாக அடங்கியது. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தட்டில் வெட்ட ஒன்றும் இல்லாமல் கிடந்த கத்தரிக்கோலைத்தான் பார்த்தேன். அவள் அந்த அலுவலகத்தில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. முழங்கை எரிந்ததைவிட அது அதிகமாக எரிந்தது.

எழும்பி நின்று, தப்பு முழுக்க என்னுடையது, அக்காவுக்கு ஒன்றுமே தெரியாது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பிரதம அதிதி என்னை மேலிருந்து கீழே பார்த்தார். குதியில்லாத சப்பாத்தில் கொஞ்சநேரம் பார்வை நின்றது. பிறகு சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார். தமிழில் அது இப்படி வரும்:

"ரோட்டத் தம்பி தொறந்தாச்சு. அப்ப படத்த நான் எடுக்கவா?"

முதலில் சிரித்தது அக்காதான். பயத்தில் வந்த சிரிப்பு, நிறுத்த முடியவில்லை. அதன் பிறகு ஊரே சிரித்தது.

ரிப்பனை முடிச்சுப் போட்டு மறுபடி கட்டினார்கள். அதிதி முடிச்சுக்குப் பக்கத்தில் வெட்டினார். வெடி மிச்சம் இல்லாததால் கைதட்டினார்கள். நான் முழங்கையில் ரத்தம் வடிய, ஒழுங்காகவே எடுத்துக் கொடுத்தேன். அக்காவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அம்மா மூலமாகத்தான் திட்டினாள்.

வீட்டுக்கு வந்து கெமராவில் இருந்ததைப் பார்த்தேன். ஒரு படம். பஸ்லான் ரிப்பனுக்கு மேலே ஆகாயத்தில். பின்னால் வாயைப் பிளந்த ஒரு கிராமமே வரிசையாக. அதைத்தான் அனுப்பினேன். சஞ்சிகை இரண்டு பக்கத்துக்கும் பரப்பிப் போட்டது. இவ்வளவு ஆட்களை எப்படி ஏற்பாடு செய்தீர்கள் என்று ஆசிரியர் கேட்டிருந்தார். உள்ளூர் மக்கள் ஒத்துழைப்புத் தந்தார்கள் என்று எழுதினேன். அந்தப் படத்தால்தான் அடுத்த வேலை வந்தது, அதற்கடுத்ததும் வந்தது.

போன மாதம் அக்காவின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் 'எங்கள் ஊர்ப் பாதை' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா அந்தக் கொப்பியை எனக்குப் படம் பிடித்து அனுப்பினாள். நாலாவது வரி: "இப்பாதையைத் திறந்து வைத்தவர் எனது மாமா ஆவார். அவர் உட்கார்ந்துகொண்டே திறந்து வைத்தார்."

டீச்சர் சரி போட்டிருந்தார்.