முதலாளியின் நாடி

"எத்தனைடா?"

"நூத்தி நாப்பது, முதலாளி."

வாய்க்கால் கரையில் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்த சண்முகராஜ் அப்படியே நின்றார். அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி கூடவே ஓடிவந்த கோட்டைச்சாமியும் நின்றான்.

"நேத்து நூத்தி முப்பத்தஞ்சுதானலே சொன்ன?"

"இன்னைக்கு ஏறிருச்சு."

காமயகவுண்டன்பட்டியில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் சண்முகராஜுக்குக் கோபம் புதிதல்ல. ஆனால் இந்த ஒரு மாதமாக அவர் போடும் கூச்சல் மூன்று தெரு தாண்டிக் கேட்டது. கம்பத்து டாக்டர் தினமும் வேகமாக நடக்கச் சொல்லியிருந்தார். நடக்கையில் நாடி நூற்றிருபதைத் தாண்டினால் மண்டியை மறந்துவிட்டு வீட்டில் கிடக்க வேண்டியதுதான் என்றும் சொல்லியிருந்தார். மண்டிச் சாவிக்கு மச்சினன் வீரபாண்டி கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

தானே எண்ணினால் மூச்சு வாங்கி எண்ணிக்கை தப்புகிறது என்றுதான் கோட்டைச்சாமியைப் பிடித்தார். இவர் கடிகாரம் பார்ப்பார், அவன் எண்ணுவான். முப்பது வருஷமாக மண்டியில் காய் எண்ணுகிறவன். அவன் எண்ணியதை மறுபடி எண்ணிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

காப்பியால்தான் ஏறுகிறது என்று காப்பியை நிறுத்தினார். தலைவலி வந்தது, நூற்று நாற்பத்தாறு. வழியில் மச்சினனின் தோப்பு கண்ணில் படுவதால்தான் கொதிக்கிறது என்று பாதையை மாற்றினார். அங்கே நாய் துரத்தியது, நூற்று எழுபது.

"மெதுவா நடந்தா என்னங்க?" என்றாள் மனைவி அன்னத்தாய்.

தேர் நகர்வதுபோல் நகர்ந்து பார்த்தார். நூற்றிருபத்தெட்டு.

"நடந்தாலும் ஏறுது, நகந்தாலும் ஏறுது! இந்தா, சாவியை ஒந்தம்பிகிட்டயே குடு. நல்லா ஆளட்டும்!"

"எந்தம்பி என்ன செஞ்சான்? அவனா ஒங்க நெஞ்சுக்குள்ள ஒக்காந்து அடிக்கிறான்?"

சாவியை வீசிய வேகத்திலேயே கோட்டைச்சாமியை இழுத்துக்கொண்டு கம்பத்துக்கு பஸ் ஏறினார். டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சில், மண்டியில் வாரந்தோறும் காய் வாங்கும் ஆண்டிபட்டி வியாபாரிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்க்க, டாக்டர் சண்முகராஜை முற்றத்தில் பத்துச் சுற்று விரட்டினார். இடது கையை டாக்டர் பிடித்தார், வலது கையைக் கோட்டைச்சாமி பிடித்தான்.

"நூத்திப் பன்னெண்டு. நல்லாத்தானய்யா இருக்கு!" என்றார் டாக்டர்.

"நூத்தி நாப்பது" என்றான் கோட்டைச்சாமி.

சண்முகராஜ் எகிறினார். "ஏலே, ஒரே ஒடம்புல ரெண்டு நாடியா ஓடுது? இந்த அநியாயம் எங்கயாவது உண்டா? சாவி போச்சேடா பாவி! எண்ணத் தெரியாத பயலுக்கா முப்பது வருசமாச் சம்பளம் குடுத்தேன்?"

கோட்டைச்சாமிக்கு மூக்கு விடைத்தது. அவன் எண்ணிக்கையை இதுவரை யாரும் பழித்ததில்லை. அதுவும் நாலு பேர் முன்னால்.

"எனக்கா எண்ணத் தெரியாது? விக்கும்போது எம்பதை நூறுன்னு எண்ணு, வாங்கும்போது நூறை எம்பதுன்னு எண்ணுன்னு சொன்னீக. நாடி விக்கிற கணக்கா, வாங்குற கணக்கான்னு சொன்னீகளா, முதலாளி?"