பெபிஷா போன் எடுக்காத மூன்று நாள்

அருமனை,
வியாழக்கிழமை.

எனக்க அக்கா மவனும் மருமவனுமான எட்சனுக்கு மாமன் நேசையன் எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே யாவரும் சுகம். உனக்க மாமி லீலாபாய்க்க நாக்கு எல்லாரையும் விட சுகம். மஸ்கட்டில் உன் சுகமும், கோபம் தணிந்த செய்தியும் அறிய ஆசை.

ஏலே மக்கா, மூணு நாளா எனக்க மவ பெபிஷா போன் எடுக்கல்ல, இனி லீவுக்கு ஊருக்கே வரமாட்டேன்னு அக்காகிட்ட சொன்னியாமே? நீ ஒருக்காகூட கூப்பிடல்லன்னு இங்க அவளும் மொகத்தைத் தூக்கி வச்சிருக்கா. உனக்க போன்தான் கேடுன்னு நான் தீர்ப்பு சொல்லியாச்சு.

சங்கதி என்னன்னா, இருபது வருசத்துக்கு முன்ன எவனோ எழுதின புரோகிராமை கம்பெனி இவ தலையில கெட்டியிருக்கு. அதுல ஒவ்வொரு பைலுக்க உச்சியிலயும், வேண்டிய சாமானைக் கொண்டுதர ஹெடர்னு ஒரு பைலைக் கூப்பிடுன்னு இருக்காம். அந்த ஹெடருக்கு இப்ப வயசாச்சு. கூப்பிட்டா வரும், ஆனா "இனி என்னைக் கூப்பிடாத, புதுசைக் கூப்பிடு"ன்னு ஒரு வார்னிங்கும் வரும். மொத்தம் முந்நூத்திப் பன்னிரண்டு வார்னிங்! வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணுகூட இல்லாம ஆக்கினாத்தான் நீ வரும்போ இவளுக்கு லீவு.

பிள்ள இருந்து அழுதா. "அந்த வார்னிங்குக்க வாயை அடச்சிரு மக்கா, உனக்க அம்மை சீனி திங்காதன்னு சொல்லும்போ நான் காது மிஷினைக் கழத்துவேன்லா, அதுபோல"ன்னேன். சிரிச்சிட்டா. "அடைக்க வழி உண்டுப்பா. ஆனா அந்தப் பழசு ஒருநாள் நெசமாவே போயிரும். அன்னைக்கு எல்லாம் படுத்திரும், ஏன்னு ஒருத்தருக்கும் தெரியாது"ன்னா. நான் வாய்க்குக் கொண்டுபோன லட்டைத் திருப்பி வச்சேன்.

ஒவ்வொண்ணா மாத்தினா. மாத்தினா வேற இடத்துல முறியுது! கோட்டாத்துல பழைய காய்க்கடைக்காரன் கேக்காமலே கறிவேப்பிலை போடுவான்லா, புதுக்கடையில கேட்டுத்தான் வாங்கணும். அப்பிடி, பழைய ஹெடர் சும்மா கூட்டிட்டு வந்த சாமானை எல்லாம் இவ தனித்தனியா எழுதிக் கேக்க வேண்டியதாச்சு. இன்னைக்குக் காலையில ஒரு வார்னிங்கும் இல்ல. லீவு கிட்டியாச்சு. இனியும் கோவிச்சா நீ மனுசனாலே?

கர்த்தர் உனக்குத் தீர்க்காயுசும், பொண்டாட்டி சொன்னா நம்புத புத்தியும் தருவாராக.

இப்படிக்கு,
மாமன் நேசையன்

பி.கு.: திங்கக்கிழமை நீ கூப்பிட்டப்போ அவளுக்க போன் எனக்க கையிலதான் இருந்தது. பிள்ளைக்க வேலை கெட வேண்டாம்னு சத்தத்தை அடைக்கப் பாத்தேன். உனக்க பேருல அமுக்கினேன், அது என்னமோ கேட்டுது, சரின்னேன். இப்ப பெபிஷா, "அப்பா, அவரை பிளாக் பண்ணினது யாரு?"ன்னு விளிச்சிட்டே வாறா. நான் காது மிஷினைக் கழத்தியாச்சு.