பரம்புப் பலகையும் குமாரின் முடியும்

உயிர்ப்பயம் வந்தால் மனிதனுக்குத் தாராள மனசு வந்துவிடுகிறது. சாமிக்கு எதை வேண்டுமானாலும் கொடுக்கத் தயாராகிவிடுவான். பெரும்பாலும் அது அடுத்தவனுடையதாக இருக்கும். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்று சும்மாவா சொன்னார்கள்? நான் அப்படி எடுத்துக் கொடுத்தது என் நண்பன் குமாரின் முடியை.

தொண்ணூறுகளின் கடைசி. நானும் குமாரும் ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ பேக்டரி ஆபீசில் வேலை பார்த்தோம். நடுவகிடு எடுத்து இரண்டு பக்கமும் காதுவரை தொங்கும் முடி அவனுக்கு. அதற்கு அவன் செய்த பணிவிடையைப் பெற்றவர்களுக்குச் செய்திருந்தால் சொத்து முழுவதையும் எழுதி வைத்திருப்பார்கள். போதாக்குறைக்கு அடுத்த ஞாயிறு நாமக்கல்லில் பெண் பார்க்கப் போக வேண்டும். சீப்பு கையைவிட்டு இறங்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கேபிள் டிவியில் வெள்ளைக்காரர்கள் பலகை மேல் நின்று மணல் மேட்டில் சறுக்குவதைப் பார்த்துத் தொலைத்தான். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டில் மணல் மலையாகக் கிடக்கிறதாம், சனி ஞாயிறு போய்ச் சறுக்கிவிட்டுக் கடலில் குளித்துவிட்டு வரலாமாம். சனிக்கிழமை அரை நாள் வேலை உண்டு என்று முதலாளி சொன்னதும் கடற்கரை கைவிட்டுப் போனது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

கெடுத்தவன் சடையன். எங்களோடு வேலை பார்த்தவன், கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுக்காரன். மணல் இல்லாவிட்டால் போகிறது, எங்கள் வீட்டுக்குப் பின்னால் புல் சரிவு காய்ந்து கிடக்கிறது, சின்ன வயதில் பாக்கு மட்டையில் உட்கார்ந்து சறுக்குவோம், வாருங்கள் என்றான்.

உண்மையைச் சொல்கிறேன், நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டவே எனக்கு ஆள் துணை வேண்டும். அதை யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. மலையேறும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு எழுபதையும் கண்ணை இறுக மூடிக்கொண்டே கடந்தேன். ஏன்டா தூங்கிக்கொண்டே வருகிறாய் என்று குமார் கேட்டான். "இதெல்லாம் ஒரு மலையா? போரடிக்குதுடா" என்றேன். (வாய் இருக்கிறதே, வாய்!)

மறுநாள் காலை சடையன் வீட்டு வயலில் பரம்படிப்பு. ஊற்றுத் தண்ணீர் பாயும் வயல், சரிவுக்கு நேர் கீழே இருந்தது. அந்த ஊரில் ஒரு வீட்டில் நடவு என்றால் அக்கம்பக்கத்தார் மாடுகளோடு வந்துவிடுவார்கள். இவர்கள் பிறகு அவர்கள் வயலுக்குப் போவார்கள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். தொழுவத்தில் இருக்கும் பரம்புப் பலகையை நீங்கள் இருவரும் தூக்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டுச் சடையனும் முன்னால் போனான்.

உழுத சேற்றைச் சமன் செய்ய மாடுகள் இழுக்கும் பலகை அது. ஆள் நீளம், இழுக்க ஒரு கயிறு, மேலே எடைக்கு ஒருவர் நிற்பார். குமார் அதைப் பார்த்ததும் டிவியில் பார்த்த பலகையைக் கண்டுவிட்டான். பாக்கு மட்டையெல்லாம் பிள்ளைகளுக்கு, இதில் சறுக்கினால் பலகையும் வயலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்றான். முதலில் யார் என்று கேட்டேன்.

"நீதான். உனக்குத்தான் போரடிக்குதே."

தப்பிக்க வழியில்லை. இவ்வளவு கனமான பலகை எங்கே நகரப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு சரிவின் உச்சியில் வைத்த பலகையில் உட்கார்ந்தேன். வருஷக்கணக்காகச் சேற்றில் இழுபட்டதில் அதன் அடிப்பக்கம் எண்ணெய் தேய்த்த தோசைக்கல் மாதிரி ஆகியிருந்தது எனக்குத் தெரியாது. குமார் காலால் லேசாகத்தான் தள்ளினான்.

என் வயிறு மட்டும் மேட்டிலேயே நின்றுவிட்டது. மற்றதெல்லாம் கீழே போனது. காதில் காற்று இரைந்தது. குதித்துவிடலாம் என்று நினைத்தேன், கயிற்றைப் பிடித்த கை விடவில்லை. வயலுக்கு அந்தப்பக்கம் பார்த்தேன். மரம் இல்லை, மண் இல்லை, வெறும் ஆகாயம். அங்கே பள்ளம் என்று சடையன் முந்தைய நாளே சொல்லியிருந்தான். செத்தோம் என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை. உடம்பில் தொண்டை ஒன்றுதான் வேலை செய்தது.

"எட்டுக்கை ஆத்தா, என்னயக் காப்பாத்து! குமாருக்கு மொட்டை போடறேன்!"

(எட்டுக்கை ஆத்தா அந்த மலையின் காவல் தெய்வம். ஏன் உன் முடியைச் சொல்லவில்லை என்று இன்றுவரை கேட்கிறார்கள். எனக்கு அப்போதே முன்நெற்றி ஏறத் தொடங்கியிருந்தது. இருந்த கொஞ்சத்தையும் கொடுக்க மனம் வரவில்லை போலிருக்கிறது.)

பலகை வரப்பைத் தாண்டிச் சேற்றில் விழுந்து நின்றது. நான் நிற்காமல் இன்னும் கொஞ்சம் போய் இடுப்பளவு சேற்றில் நடப்பட்டேன். சடையனின் அப்பா என்னையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்தார். "பலகை வந்திருச்சு. மாட்டப் பூட்டுங்கப்பா" என்றார்.

சடையனின் அம்மா ஓடிவந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். அடிபடவில்லை என்று தெரிந்ததும் மெதுவாகக் கேட்டார். "அந்தக் குமாருங்கறது யாரு கண்ணு?"

சரிவில் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தவனின் தலையை வயலே திரும்பிப் பார்த்தது.

விஷயம் தெரிந்ததும் குமார் குதித்தான். "என்ற முடியக் குடுக்க இவன் யாருங்க?"

"நாயமாப் பாத்தா நீ சொல்றது செரிதான் சாமி" என்றார் அந்த அம்மா. "ஆனா ஆத்தா காப்பாத்திப் போட்டாளே. இனி நாயத்தை நீ அவகிட்டத்தான் பேசோணும்."

அவன் பெண் பார்க்கப் போகிறான் என்று தெரிந்ததும், கல்யாணத்துக்குப் பிறகு வந்து செலுத்தட்டும் என்று மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து குமாரின் சட்டைப்பையில் போட்டுவிட்டார். அவன் அதையும் கிண்டல் செய்துகொண்டுதான் பஸ் ஏறினான்.

இறங்கும்போது வளைவு ஒன்றில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவரப் போகும் லாரி எதிரே வந்தது. எங்கள் பஸ் பின்னால் வந்து ஒதுங்க, நாங்கள் இருந்த பின்சீட்டு ரோட்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஜன்னலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. குமாரின் கை சட்டைப்பையில் இருந்த மஞ்சள் முடிச்சைத் தொட்டது. அதன்பின் அடிவாரம் வரும்வரை இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டே வந்தோம்.

வார நடுவில் அவனே லீவு போட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு மலையேறினான். ஞாயிற்றுக்கிழமை, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பெண் பார்க்கப் போனான். என்ன வேண்டுதல் என்று பெண்ணின் அப்பா கேட்டிருக்கிறார். சிநேகிதன் உயிர் பிழைத்ததற்கு என்று இவன் தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருக்கிறான். சிநேகிதனுக்கே முடியைக் கொடுத்தவன் என் பெண்ணை எப்படி வைத்துக்கொள்வான் என்று மனிதர் உருகி, அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்.

முழு உண்மை அவன் மனைவிக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. போன மாதம் அவர்கள் புது வீட்டில் பல்பு மாட்டுவதற்காக ஸ்டூல் மேல் ஏறினேன். ஸ்டூல் லேசாக ஆடியது. "ஆத்தா" என்று என் வாயில் வந்துவிட்டது. சோபாவில் இருந்த குமார் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான். அவன் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, மொதல்ல எறங்குங்க. இவருக்கு இருக்கறதே கொஞ்சந்தான்."